பூச்செடி விதை எடுப்பதும் முளைக்க வைப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு நடையில் ஒரு பலகை நிறைய ஹார்லிக்ஸ் பாட்டில்கள் வரிசையாக இருக்கும், எல்லாவற்றிலும் பூச்செடி விதை. பால் ஊற்ற வருகிறவர் முதல் மகள் வீட்டுச் சம்பந்தி வரை பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டு வாங்கிப் போவார்கள், பத்து நாள் கழித்து போன் வரும், "முளைக்கவே இல்லையே" என்று. ஒரே பதிலை ஆளாளுக்கு வாய்ஸ் மெசேஜில் சொல்லித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலையும் போட்டுவிட்டேன். வருஷக்கணக்கில் நிற்கிற பூச்செடிகளைப் பற்றித்தான் இது. கேந்தி, காசித்தும்பை மாதிரி ஒரு பருவத்தில் முடிந்துவிடும் செடிகள் இதில் இல்லை, அவை யார் போட்டாலும் முளைக்கும்.

அக்கா, விதையெல்லாம் எதுக்கு? ஒரு கம்பை ஒடிச்சு ஊன்றினா வராதா?

வரும். செம்பருத்தி, இட்லிப்பூ, அரளி எல்லாம் கம்பிலேயே வந்துவிடும், அவற்றுக்கு விதை தேடி அலைய வேண்டாம். ஆனால் ஒரு சங்குப்பூக் கொடியில் எடுக்கும் நெற்றை வைத்து ஒரு தெருவுக்கே கொடுக்கலாம், ஒரு உறையில் போட்டு மும்பையில் இருக்கும் தங்கைக்கு அனுப்பலாம், சித்திரை வெயிலில் செடி கருகிப் போனாலும் பாட்டிலில் விதை பத்திரமாக இருக்கும்.

அடினியத்துக்கு, அதாவது பாலைவன ரோஜாவுக்கு, இன்னொரு காரணமும் உண்டு. அடித்தண்டு குடம் மாதிரி பருத்திருக்க வேண்டும் என்றுதானே அதை வாங்குகிறோம்? விதையில் வந்த செடியில்தான் அது ஒழுங்காகத் திரளும். கம்பில் வந்தது பெரும்பாலும் ஒல்லியாகவே நிற்கும்.

எங்க வீட்டுப் பிச்சியில காயே பிடிக்கலையே மதினி, நான் உரம் போடாததாலயா?

உரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிச்சி, மல்லி இரண்டும் நம் தோட்டங்களில் காய் பிடிப்பது அபூர்வம், பதியன் போட்டோ கம்பு ஊன்றியோதான் எடுக்க வேண்டும். சங்கரன்கோவில் பக்கத்துப் பூந்தோட்டங்களில்கூட யாரும் மல்லி விதை விதைத்து நான் பார்த்ததில்லை. அடுக்கு நந்தியாவட்டை, அடுக்குச் செம்பருத்தி இவற்றில் மகரந்தம் வர வேண்டிய பாகங்கள் இதழாகத் திரும்பிவிட்டதால் காய் எதிர்பார்க்க முடியாது. அடுக்குச் சங்கு மட்டும் இதற்கு விலக்கு, நெற்று நன்றாகவே பிடிக்கும். டெல்லி கனகாம்பரம் என்று நர்சரியில் கொடுப்பது மும்மடிச் செடி, அதாவது குரோமோசோம் இரண்டு தொகுதிக்குப் பதில் மூன்று தொகுதி. அது விதை வைக்காது, கம்பு வெட்டித்தான் பெருக்குகிறார்கள்.

விதை எடுக்கத் தோதானவை: சங்குப்பூ, அந்திமந்தாரை, நித்தியகல்யாணி, நாட்டுக் கனகாம்பரம், டிசம்பர் பூ, பவளமல்லி, கல்வாழை, மயில்கொன்றை, அடினியம், பொறுமை இருந்தால் செங்காந்தள்.

காயை எப்பப் பறிக்கணும்? பச்சையா இருக்கும்போதே பறிச்சுக் காயவெச்சா ஆகாதா?

ஆகாது. முளைக்கவில்லை என்று வருகிற போன்களில் பாதிக்கு மேல் காரணம் இதுதான். விதை கடைசி நாட்களில்தான் தாய்ச்செடியிலிருந்து சத்தை இழுத்து உள்ளே நிரப்பிக்கொள்கிறது, அதற்கு முன்னால் பறித்தால் தோல் சுருங்கிய சப்பை விதைதான் மிஞ்சும். சங்குப்பூ நெற்று பழுப்பு நிறமாகி, ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும். அந்திமந்தாரையில் பூவுக்கு ஒரே விதை, மிளகு மாதிரி கறுத்து, விரல் பட்டாலே உதிரும். பவளமல்லிக் காய் சின்னக் காசு மாதிரி தட்டையாக இருக்கும், அது காய்ந்து இரண்டாகப் பிரியத் தொடங்கும்போது எடுங்கள், பாதிக்கு ஒரு விதை.

நேரம் என்றால், பனி காய்ந்த பிறகு, ஒரு பத்து மணிக்கு. மழை பெய்த மறுநாள் வேண்டாம். எல்லாக் காயையும் ஒரே நாளில் எடுக்க நினைக்காதீர்கள், ஒரே கொடியில் பூவும் பிஞ்சும் நெற்றும் சேர்ந்துதான் இருக்கும், நான் ஒரு ஓலைக் கொட்டானை எடுத்துக்கொண்டு நாலு நாளைக்கு ஒருமுறை சுற்றி வருவேன்.

கனகாம்பரக் கதிர் அப்படியே இருக்கு, உள்ள மட்டும் விதையைக் காணோம். அணில் தின்னுட்டா?

அணில் மேல் பழி போட வேண்டாம், வெடித்துச் சிதறிவிட்டது. கனகாம்பரக் காய் காய்ந்து நிற்கும்போது ஒரு துளி தண்ணீர் பட்டால் போதும், படீரென்று வெடித்து விதையைத் தூர எறியும். சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போது காய்ந்த காயை எச்சில் தொட்டு அடுத்தவள் கழுத்தில் போட்டு விளையாடியது நினைவிருக்கிறதா, அதேதான். செடிக்கு அது கெட்டிக்காரத்தனம்: மழை வந்தால்தான் விதையை வெளியே விடும், விழுந்த இடத்தில் ஈரமும் இருக்கும்.

ஆகவே கதிர் முழுக்கப் பழுப்பானதும், மழைக்கு முன்னால், பூவாளித் தண்ணீர் தலையில் படாமல் கத்தரித்துத் துணிப்பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். பிறகு பைக்குள் கை விட்டு லேசாகத் தண்ணீர் தெளித்தால் உள்ளேயே பொரிகடலை மாதிரி வெடிக்கும், காய்க்கு நாலு விதை வரை கிடைக்கும். அதை உடனே நிழலில் உலர்த்திவிட வேண்டும், அல்லது அன்றைக்கே விதைத்துவிட வேண்டும். டிசம்பர் பூவும் மயில்கொன்றையும் வெடிக்கிற ஜாதிதான். ஆனால் மயில்கொன்றை வெயிலில் காய்ந்து முறுக்கி வெடிக்கும், தண்ணீர் தேவையில்லை.

அடினியத்துல கொம்பு மாதிரி காய் வந்துச்சு, காலைல பார்த்தா பஞ்சு பறக்குது. என்ன பண்ணிருக்கணும்?

கட்டியிருக்க வேண்டும். அடினியம் காய் முற்ற இரண்டு மூன்று மாதம் எடுக்கும், ஆனால் பிளந்தால் ஒரே நாளில் காலி, ஒவ்வொரு விதைக்கும் இரண்டு முனையிலும் பஞ்சு இருப்பதால் நம் ஆடிக்காற்றில் அடுத்த தெருவுக்குப் போய்விடும். காய் பருத்து நிறம் மங்கும்போதே நைலான் வலைத்துணியையோ பழைய ஸாக்ஸையோ மாட்டி நூலால் கட்டிவிடுங்கள். பால் கையில் படக்கூடாது, விஷம்.

விதையைத் தட்டட்டியில (மொட்டைமாடியில) காயப்போடலாமா? நெல்லு காயுதே?

நெல்லைச் சாப்பிடத்தான் காயப்போடுகிறோம். வைகாசியில் தட்டட்டித் தளம் கால் வைக்க முடியாமல் கொதிக்கும், அதில் பூவிதையைப் பரப்பினால் உள்ளே முளை வெந்துவிடும். சுளகில் பரப்பி, காற்று வரும் நிழலில் ஒரு வாரம். விதையை நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழக்கூடாது, அதுதான் பதம். அப்புறம் அரிப்பில் சலித்துத் தூசி தும்பு நீக்கிவிட்டு பாட்டிலில் போடுங்கள்.

எத்தனை வருஷம் கெடாம இருக்கும்?

செடியைப் பொறுத்தது. அடினியம் புதிதாக இருந்தால் ஒரு வாரத்துக்குள் முளைக்கும், மாதங்கள் போகப் போக மந்தமாகும். கனகாம்பரம், நித்தியகல்யாணி, பவளமல்லி இவற்றை அடுத்த பருவத்திலேயே போட்டுவிடுங்கள். சங்கு, மயில்கொன்றை, கல்வாழை மாதிரி கல் ஓடு உள்ளவை பல வருஷம் தாங்கும். அர்ஜென்டினாவில் ஒரு பழங்காலக் கல்லறையில் கிடைத்த கிலுகிலுப்பைக்குள் இருந்த கல்வாழை விதை ஏறத்தாழ 600 வருஷத்துக்குப் பிறகு முளைத்தது, சீனாவில் ஒரு தாமரை விதை சுமார் 1300 வருஷம்.

நம் வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம். விதைக்குப் பகை இரண்டு, ஈரமும் வெக்கையும். விதைக்குள் இருக்கும் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், வைக்கும் இடத்தின் சூடு ஐந்தாறு டிகிரி குறைந்தாலும் இரட்டிக்கும் என்று விதைக்காரர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதனால் இறுக மூடும் பாட்டில், அடியில் வறுத்து ஆறவைத்த அரிசி ஒரு கை, மேலே காகிதத்தில் மடித்த விதை, பெயரும் மாதமும் எழுதின சீட்டு. அடுப்படி அலமாரியில் மட்டும் வைக்காதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் வந்தபோது பீரோவில் காகித உறையில் வைத்திருந்த பத்து வருஷச் சேகரம் கூழாகிவிட்டது, பாட்டில் விதை மட்டும் வாத்து மாதிரி மிதந்துகொண்டிருந்தது. அதிலிருந்துதான் இந்த ஹார்லிக்ஸ் பாட்டில் பைத்தியம்.

தண்ணியில போட்டு மிதந்தா சொத்தைதானே? நான் மிதந்ததையெல்லாம் கொட்டிட்டேன்

கொட்டியிருக்க வேண்டாம். நெல்லுக்குச் சரியாக வரும் சோதனையைப் பஞ்சு வைத்த அடினியத்துக்கும் தக்கை மாதிரி இருக்கும் பவளமல்லிக்கும் போட்டால் நல்லதும் மிதக்கும். சந்தேகம் இருந்தால் பத்து விதையை எண்ணி, ஈரத்துணியில் மடித்து, மூடி போட்ட டப்பாவில் பத்துப் பதினைந்து நாள் வையுங்கள். ஏழு முளைத்தால் நல்ல விதை. மூன்றுதான் என்றால் கொஞ்சம் அடர்த்தியாகத் தூவுங்கள், அவ்வளவுதான்.

ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்றாங்க, ஆடியில போட்டேன், எல்லாம் காஞ்சு போச்சே?

பழமொழி பொய்யில்லை, ஆனால் திருநெல்வேலிச் சீமை ஒரே ஊர் இல்லை. தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் பக்கம் ஆனி ஆடியில் சாரல் அடிக்கும், அங்கே அப்போது போடலாம். அதே நாளில் பாளையங்கோட்டை, நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கம் காற்றுதான் அடிக்கும், மழை வராது, நாற்றுத்தட்டில் காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் பறந்துவிடும். நமக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்.

நான் ஆவணிக் கடைசியில், புரட்டாசி முதலில் தட்டில் போடுகிறேன். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் நாற்றுக்கு நாலு இலை வந்திருக்கும், தரையில் நட்டால் மழையே வளர்த்துக்கொள்ளும். பிந்திவிட்டால் கார்த்திகை அடைமழையில் சின்னஞ்சிறு முளையை வைத்துக்கொண்டு திண்டாடாமல் தை வரை பொறுத்திருந்து போடுங்கள். பங்குனிக்கு மேல் எதுவும் வேண்டாம்.

மண்ணு என்ன மண்ணு போடணும்? கரிசல் ஆகுமா?

நட்ட பிறகு ஆகும், முளைக்க வைக்க ஆகாது, இறுகிப்போகும். செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய சாணமோ தென்னை நார்க்கழிவோ ஒரு பங்கு. எம் சாண்ட் போடுகிறவர்கள் அதிலிருக்கும் பொடி போகும்வரை கழுவிவிட்டுப் போடுங்கள். தட்டு கிடைக்காவிட்டால் சிரட்டையில் ஓட்டை போட்டுக்கொள்ளலாம், நட்டபிறகு வேரும் கலையாது. எங்கள் தெரு போர்த் தண்ணீர் உப்பு, அதை ஊற்றினால் முளை நுனி கருகுகிறது, மழைத்தண்ணீரை ஒரு குடத்தில் பிடித்து வைத்து அதைத்தான் தெளிக்கிறேன்.

ஆழம் கேட்பவர்களுக்கு: விதையின் தடிமனைப் போல இரண்டு மடங்கு மண் மேலே இருந்தால் போதும்.

சங்குப்பூ இருபது போட்டேன், மூணுதான் முளைச்சது. விதை பழசா ஆச்சி?

விதையில் குறையில்லை, ஓடு கெட்டி. தண்ணீரே உள்ளே போகாமல் மாதக்கணக்கில் மண்ணில் சும்மா கிடக்கும், அந்தப் பதினேழும் அடுத்த மழைக்கு வந்தாலும் வரும். நகவெட்டியால் விதையின் ஓரத்தில், கண் இருக்கும் இடத்துக்கு எதிர்ப்பக்கம், சின்னதாக ஒரு கீறல் போடுங்கள். அல்லது உப்புத்தாளில் நாலு தேய். இல்லாவிட்டால் கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி, கொஞ்சம் சூடு தணிந்ததும் விதை மேல் ஊற்றி ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள், காலையில் ஊதிப் பெருத்தவை தயார், பெருக்காதவற்றுக்குக் கீறல்.

மயில்கொன்றைக்கும் இதே வைத்தியம். கல்வாழைக்கு வெந்நீர் மட்டும் போதாது, உள்ளே வெள்ளை தெரியும்வரை கல்லில் உரைக்க வேண்டும், கை வலிக்கும்.

விதையை ஒரு மாசம் ஃபிரிட்ஜ்ல வெச்சு எடுத்தாதான் முளைக்கும்னு வீடியோவுல சொன்னாங்களே?

அது பனி பெய்யும் ஊர்ச் செடிகளுக்கு. அங்கே விதை இலையுதிர் காலத்தில் விழும், உடனே முளைத்தால் பனியில் செத்துவிடும், அதனால் ஒரு குளிர்காலம் கடந்தது தெரிந்தபிறகே கண் விழிக்கும். ஃபிரிட்ஜ் என்பது அந்தக் குளிர்காலத்துக்குப் போடும் வேஷம். நம் செடிகள் பார்த்திருப்பதெல்லாம் வெயிலும் மழையும்தான், அவற்றை ஈரத்தோடு ஃபிரிட்ஜில் வைத்தால் அழுகும். உலர்ந்த விதையை இறுக மூடிய பாட்டிலில் போட்டு அங்கே சேமிக்கலாம், அது வேறு விஷயம், மேலே ஆயுள் பற்றிச் சொன்ன கணக்குதான். வெளியே எடுத்ததும் உடனே திறக்காதீர்கள், பாட்டில் சூடு சமமாகும்வரை விடாவிட்டால் உள்ளே வியர்க்கும்.

நித்தியகல்யாணி, வாசல் சிமென்ட் வெடிப்புல தானா முளைக்குது, நான் தொட்டியில போட்டா மட்டும் வர மாட்டேங்குது. அது ஏன்?

எனக்குப் பிடித்த கேள்வி இது. அந்த வெடிப்புக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: இருட்டு, சூடு, தேங்காத தண்ணீர். நித்தியகல்யாணி விதைக்கு முளைக்கும்போது வெளிச்சம் ஆகாது. சின்ன விதையாயிற்றே என்று மேலே தூவி விட்டுவிடுகிறோம், அது வெளிச்சத்தில் கண் திறக்க மறுக்கிறது. விதைத்து, கால் அங்குலம் மண் மூடி, தட்டின் மேல் ஒரு சாக்கையோ அட்டையையோ போடுங்கள், முளை தலை காட்டியதும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

விதை எடுப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இரட்டை இரட்டையாக மெல்லிய காய் இலைக்கடியில் ஒளிந்திருக்கும், மஞ்சள் தட்டும்போதே கிள்ளிவிட வேண்டும், பழுப்பாகும்வரை விட்டால் பிளந்து கொட்டிவிடும், மிச்சத்தை எறும்பு சுமக்கும். காய் முற்றிப் பழுப்பாக வேண்டும் என்று நான் முன்னால் சொன்னதற்கு இது ஒன்றுதான் விலக்கு. ஒன்றைப் பிளந்து பாருங்கள், விதை கறுத்திருந்தால் சரி.

நல்லா முளைச்சு ரெண்டு இலை விட்டுச்சு, மறுநாள் காலைல எல்லாம் சாய்ஞ்சு கிடக்கு. யாரு கண்ணு பட்டுச்சோ!

கண்ணும் இல்லை, கைராசியும் இல்லை, நாற்றழுகல். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூல் மாதிரி இளைத்துக் கறுத்திருக்கும், அது பூஞ்சை வேலை. சாய்ந்தது பிழைக்காது. மிச்சத்தைக் காப்பாற்ற உடனே தண்ணீரை நிறுத்தி, காற்றும் காலை வெயிலும் படும் இடத்துக்கு மாற்றுங்கள்.

பாசத்தில் மூன்று வேளை தண்ணீர் ஊற்றுகிறவர்கள் வீட்டில்தான் இது அதிகம். மேல்மண் வெளுத்த பிறகே தெளியுங்கள், முடிந்தால் தட்டைத் தண்ணீர் உள்ள தாம்பாளத்தில் ஐந்து நிமிஷம் வைத்துக் கீழிருந்து குடிக்க விடுங்கள். நெருக்கமாக விதைக்காதீர்கள். சூடோமோனாஸ் என்ற நல்லது செய்யும் பாக்டீரியாப் பொடி உரக்கடையில் கிடைக்கும், கிலோ விதைக்குப் பத்து கிராம் என்பது கணக்கு, நம் ஒரு கை விதைக்கு ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்கிவிட்டு விதைத்தால் போதும்.

அக்கா நீங்க சிவப்பு அந்திமந்தாரைனு கொடுத்தீங்க, எங்க வீட்டுல ரோஸ் பூத்திருக்கு. மாத்திக் கொடுத்துட்டீங்களா?

மாற்றவில்லை. என் சிவப்புச் செடிக்குப் பக்கத்தில் வெள்ளை நிற்கிறது, ராத்திரி வரும் அந்துப்பூச்சி இங்கேயும் அங்கேயும் போயிருக்கிறது. பிள்ளைகளின் பன்னிரண்டாம் வகுப்புத் தாவரவியலில் இந்தச் செடிதான் பாடம், காரன்ஸ் என்பவர் செய்து பார்த்தது: சிவப்பும் வெள்ளையும் கலந்தால் எதுவும் ஓங்காமல் ரோஸ் வரும். உங்கள் ரோஸ் தனியாக நின்று விதை வைத்தால் அடுத்த தலைமுறையில் நாலுக்கு ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை, இரண்டு ரோஸ் என்ற விகிதத்தில் பிரியும். எனக்கு அந்தக் கலவை பிடித்திருப்பதால் பிரித்து வைக்கவே இல்லை.

அப்ப வெள்ளைச் சங்கும் நீலச் சங்கும் ஒரே கம்பியில ஏறி நிக்குதே, அதுவும் கலந்திருமா?

பெரும்பாலும் கலக்காது. சங்குப்பூ விரியும் முன்னே மொட்டுக்குள்ளேயே தன் மகரந்தத்தில் சூல் கொண்டுவிடும். எப்போதாவது வண்டு புகுந்து கலந்தால் நீலம்தான் ஓங்கும், வெள்ளைக்கொடி விதையில் நீலம் தலை காட்டினால் அது கலப்பு. வெள்ளை மட்டும் வேண்டும் என்கிறவர்கள் நாலைந்து மொட்டில் வலைத்துணி கட்டி அந்த நெற்றை மட்டும் எடுங்கள்.

செங்காந்தள் விதை வேணும், அடுத்த கார்த்திகைக்குப் பூக்குமா?

பூக்காது. விதையிலிருந்து பூ வர மூன்று நாலு வருஷம் ஆகும், முளைக்கவே வாரங்கள், சில நேரம் மாதங்கள். அதனால்தான் கண்வலிக்கிழங்கு என்று பயிர் செய்கிறவர்களும் கிழங்கைத்தான் நடுகிறார்கள், விதையை மருந்துக்கு விற்கிறார்கள். காய் பிடிக்கவும் கொஞ்சம் கை உதவி வேண்டும்: பூவின் சூல்தண்டு செங்கோணமாக ஒரு பக்கம் விலகிப் போய்விடும், காலையில் மகரந்தத்தை எடுத்து அதன் நுனியில் தொட்டு வையுங்கள்.

முதல் வருஷம் ஒன்றிரண்டு இலை விட்டுக் காய்ந்துவிடும். செத்துவிட்டது என்று தொட்டியைக் கொட்டாதீர்கள், நான் அப்படி இரண்டு தடவை கொட்டியிருக்கிறேன். அடியில் சின்னக் கிழங்கு தூங்குகிறது, தண்ணீரை நிறுத்தி, மழை தொடங்கியதும் மறுபடி ஊற்றினால் எழும். கிழங்கை எடுத்து மாற்றும்போது முனையில் இருக்கும் முளைக்கண் ஒடிந்தால் அது அவ்வளவுதான்.

வீட்டுல சின்னப்பிள்ளைங்க இருக்கு, இதுல எதெல்லாம் ஆபத்து?

செங்காந்தள் கிழங்கும் விதையும் முதலில். கோல்சிசின் என்ற நஞ்சு, சமையல் கிழங்கு என்று நினைத்துத் தின்று உயிர் போன சம்பவங்கள் உண்டு. மஞ்சள் அரளிக் கொட்டை நெஞ்சைப் பிடிக்கும், நான் அதை விதையாகக் கொடுப்பதே இல்லை, யார் கேட்டாலும். அடினியம், அந்திமந்தாரை விதையும் வாயில் போடக்கூடாதவை. பாட்டிலை மேல்பலகையில் வையுங்கள், மிட்டாய் பாட்டில் வேண்டாம். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால்கூட மோர், உப்புத்தண்ணீர் என்று வீட்டு வைத்தியம் பார்க்காமல் மிச்ச விதையைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்.

விதை வாங்க எப்ப வரலாம்?

ஆவணி பிறந்த பிறகு, சாயங்காலம். சங்கும் அந்திமந்தாரையும் எப்போதும் இருக்கும், கனகாம்பரம் சீக்கிரம் தீர்ந்துவிடும். அடினியத்துக்கு இந்த வருஷம் காய் ஒன்றே ஒன்றுதான், அதில் பாதி தெருக்கோடி ஆச்சிக்குச் சொல்லியாகிவிட்டது. வரும்போது மூடி இறுகும் பாட்டில் ஒன்று கொண்டுவாருங்கள், என் பாட்டிலைக் கொண்டுபோனவர்கள் தயவுசெய்து திருப்பிக் கொடுங்கள்.